மேலே நிற்பவருக்குக் காது வேண்டும்

காலையில் எழுந்ததும் இடது பக்கமாக 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்டால் மற்றவர்கள் காதைக் குடைவார்கள். நெட்டை மெக்கானிக் எழுந்து போய் ஃப்ரிட்ஜை நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை. ஃபேனை நிறுத்தினார், தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார், கடைசியில் மெயினையே இறக்கினார். குளியலறையிலிருந்து மனைவி, "தண்ணி நின்னுபோச்சு, நான் சோப்போட நிக்கிறேன்" என்று கத்தினாள். சத்தம் மட்டும் சவுகரியமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாளில் பாதியை மோட்டார்களின் முனகலைக் கேட்டே கழித்தவர். ஒரு சத்தம் வந்தால் அதற்குக் காரணமான எந்திரம் ஒன்று எங்கோ இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த எந்திரம் தன் காதாகவே இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆகவே அந்த வாரம் முழுவதும் சாயங்காலங்களில் ஃப்ரிட்ஜின் முதுகைக் கழற்றி மாட்டினார். அதுவரை வாயைத் திறக்காத ஃப்ரிட்ஜ் அதற்குப் பிறகு உண்மையிலேயே சத்தம் போட ஆரம்பித்தது.

வேலையிலும் அதே கதை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு லிஃப்டை நிறுத்தி, மோட்டாரைப் பிரித்துப் போட்டார். கூட இருந்த மச்சினன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "ஒண்ணும் கேக்கலயே மாமா" என்றான்.

"கேக்கறதுக்கும் ஒரு சர்வீஸ் வேணும் மாப்ள."

மச்சினன் அவர் மனைவியின் ஒரே தம்பி. கம்பெனியில் சேர்த்துவிட்டது இவர்தான். அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது. பையன் குள்ளம். வேறு குறை ஒன்றும் இல்லை, இவருக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. தினமும் லிஃப்டுக்குள் நுழையும்போது, "பட்டன் எட்டுதா மாப்ள?" என்று கேட்பார். அவனும் தினமும் சிரிப்பான். சிரிக்காமல் என்ன செய்வான், சம்பாத்தியம் கொடுத்த மாமா ஆயிற்றே.

போனை இடது காதில் வைத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மேனேஜர் பேசவே இல்லை. வலது காதுக்கு மாற்றினால் திட்டிக்கொண்டிருந்தார். இடதில் வைத்தால் மறுபடி அமைதி. இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு மோட்டாரைப் பழுது என்று எழுதும்போது வருகிற அதே முகத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

காது டாக்டர் அவரை ஒரு சிறிய அறையில் உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். இவருக்குத்தான் சத்தம் ஓயவே இல்லையே. பொத்தானை அழுத்திய விரலை எடுக்கவில்லை. "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றாள் டாக்டர்.

முடிவு இதுதான்: இடது காது ஒரேயடியாகப் போய்விட்டது, ஏன் என்று யாராலும் சொல்ல முடியாது, உள்ளே ஓடுகிற சத்தம் போகலாம், போகாமலும் இருக்கலாம். மாத்திரை கொடுத்தாள். "உடனே வந்திருந்தா திரும்பறதுக்கு வாய்ப்பு அதிகம். இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஃப்ரிட்ஜ் ரிப்பேர்" என்றார் நெட்டை.

ராத்திரி படுக்கையறையில் சின்னதாக ஏதாவது சத்தம் இருந்தால் காதுச் சத்தம் அடங்கினாற்போல இருக்கும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தாள். ஃப்ரிட்ஜ் படுக்கையறைக்கு வந்தது. மாத்திரை தீர்ந்தது. காது வரவில்லை.

இனி மறைக்க வேண்டியதுதான் பாக்கி. லிஃப்ட் வேலையில் மேலே ஒருவர், கீழே ஒருவர். அனுபவஸ்தர் லிஃப்டின் கூரைமேல் நின்று அதை மெதுவாக ஏற்றி இறக்குவார். இளையவன் அடியில் உள்ள குழியில் நின்று எண்ணெயும் அழுக்குமாகக் கிடப்பான். கீழே இருப்பவன் ஓரம் ஒதுங்கி, "விடு" என்று குரல் கொடுத்தால் மட்டுமே மேலே இருப்பவர் இறக்க வேண்டும். குரல் வராவிட்டால் விரல் அசையக் கூடாது. ஆக, கீழே இருப்பவனின் உயிர் மேலே இருப்பவரின் காதில் இருக்கிறது.

"என் தம்பி கீழ நிக்கிறான். அவன்கிட்ட சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொல்றேன்."

"எப்ப?"

"இன்னொரு காது இருக்குல்ல, ஏன் பறக்கற?"

சொன்னால் மேலே நிற்க விடமாட்டார்கள். சாமான் அறையில் உட்கார்ந்து நட்டுக்கும் போல்ட்டுக்கும் காவல் காக்க வேண்டும். இல்லையென்றால் குழி. நேற்று வந்த மச்சினன் மேலே, இவர் கீழே. அதற்கு மனசு வரவில்லை. வீம்பு, வேறொன்றும் இல்லை.

ஒரு காது போனால் சத்தம் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது. ஒரு நாள் ஒரு பழைய கட்டடத்தில், லிஃப்டின் கூரைமேல் நின்றிருந்தவருக்கு ஓர் ஆண் குரல் கேட்டது. மூன்றாம் மாடி வராந்தாவில் யாரோ போனில் பேசிக்கொண்டு போன குரல் அது. மச்சினன் என்று நினைத்து லிஃப்டை இறக்கினார்.

லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. குழியில் அவசரத்துக்கு ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. யாரோ அதை அடித்திருக்கிறார்கள். யாரோ என்ன, கீழே இருந்தது ஒரே ஆள்தான். நெட்டை கூரையிலிருந்து எப்படி இறங்கினார் என்று அவருக்கே நினைவில்லை.

மச்சினன் வாசல் வழியாக ஏறி வந்து, தரையில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தா, நான் இதைவிடக் குள்ளமா ஆயிருப்பேன் மாமா" என்றான்.

இவருக்குச் சிரிப்பு வரவில்லை. "மாப்ள, எனக்கு எடது காது செத்துப்போச்சு."

"எப்பலேருந்து?"

"ஃப்ரிட்ஜைக் கழட்டினேனே, அப்பலேருந்து."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மச்சினன் கையில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "அப்ப கீழ நிக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குப் படியிறங்கிப் போனான். நெட்டைக்கு அவமானத்தில் காது சுட்டது, கேட்கிற காதும் கேட்காத காதும் சேர்ந்து.

அன்றே மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் குதித்துத் தீர்த்தபின், கீழே நிற்பவன் கத்தினால் போதும், கேட்க வேண்டியது மேலே நிற்பவன்தான் என்று இவரைக் குழிக்கு மாற்ற ஒத்துக்கொண்டார். அடுத்த முறை அதே கட்டடத்துக்குப் போனபோது மச்சினன் டூல்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் குழிப் பக்கம் நடந்தான். நெட்டை அவனை மறித்து, பெட்டியை வாங்கிக்கொண்டு, ஏணியில் கீழே இறங்கினார்.

இளவயதுக்குப் பிறகு இப்போதுதான் குழியில் நிற்கிறார். எண்ணெய் நாற்றம். இடது காதில் அதே 'ஙொய்'. டார்ச் அடித்துச் சிவப்புப் பட்டனைத் தேடினார். வாசல் மட்டத்தில், ரொம்ப மேலே இருந்தது. லிஃப்ட் அதைத் தாண்டி இறங்கிவிட்டால் கை நுழைய இடமிருக்காது. சுவரில், இடுப்பு உயரத்தில், எண்ணெய் படிந்த ஒரு பூட்ஸ் தடம் பளிச்சென்று தெரிந்தது. மச்சினன் ஓடி வந்து, சுவரை மிதித்து எம்பித்தான் பட்டனை அடித்திருக்கிறான்.

நெட்டை குதிகாலைத் தூக்கிக் கையை நீட்டிப் பார்த்தார். விரல் நுனி பட்டனை உரசியது, அழுத்த முடியவில்லை.

மேலிருந்து மச்சினன் ஏதோ கேட்டான். இவர் வலது காதைத் திருப்பினார். அவன் பொறுமையாக இன்னொரு தரம் கேட்டான்.

"பட்டன் எட்டுதா மாமா?"

"எட்டல மாப்ள" என்று நெட்டை கத்தினார். எவ்வளவு சத்தமாகக் கத்துகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து பார்த்தார்கள். கண்ணீர் வந்ததை யாரும் பார்க்கவில்லை, குழி இருட்டு.