மலையில் ஓடாத பேட்டரி

அந்த பேட்டரியை மாமா முதலில் மோந்து பார்த்தார். பிறகு தட்டிப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூடியில் இருந்த திருகாணித் தலைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கோத்தகிரியில் ஜீப் ஓட்டுகிறார். எங்கள் பக்கத்தில் பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அவரை முன்னால் விட்டுக்கொண்டுதான் போவார்கள். வண்டியின் கதவைத் திறந்து மூடும் சத்தத்திலேயே அது எந்தப் பள்ளத்தில் உருண்டது என்று சொல்லிவிடுவார் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் அன்றைக்கு மேட்டுப்பாளையத்துக்கு வெளியே, அந்தத் தகரக் கொட்டகையின் வெக்கையில், எங்கள் முன்னால் இருந்தது வண்டி இல்லை. வண்டியிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரி.

அது எங்களுக்குத் தேவைப்பட்டது அப்பாவின் மூச்சுக்காக. எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலைத் தூசுக்குள்ளேயே வேலை பார்த்தவர் அப்பா. ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் நுரையீரல் பாதி வேலைநிறுத்தம் செய்துவிட்டது. இப்போது நாளின் பெரும்பகுதி மூக்கில் குழாயுடன் ஆக்சிஜன் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மெஷின் கரண்டில் ஓடுவது. எங்கள் கீழ் கோத்தகிரிச் சரிவில் ஐப்பசி மழை பிடித்தால் முதலில் மரம் சாயும், அடுத்து கம்பி அறும், அதற்கடுத்து ரோடு அடைபடும். போன வருடம் அப்படித்தான் ஆனது. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டே போக, ஆஸ்பத்திரி ரோட்டில் கிடந்த மரத்தை ஆட்கள் அறுத்து முடிக்கும்வரை ஜீப்புக்குள் அப்பாவின் உதட்டு நிறத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு முறை அப்படி உட்கார என்னால் ஆகாது.

கூரையில் சோலார் பேனல்கள் ஏற்கெனவே இருந்தன. நான் எலக்ட்ரிகல் படித்ததற்கு வீட்டில் இருக்கும் ஒரே சாட்சி அவைதான். ஆனால் மழைக்காலத்தில் பகலே பாதி இருட்டு. வெயில் அடிக்கும்போது பிடித்து வைத்துக்கொள்ள ஒரு பாத்திரம் வேண்டும். வீட்டிலிருந்த சாதா இன்வெர்ட்டர் பேட்டரி, அந்த மெஷினை மாட்டினால் கொஞ்ச நேரத்தில் முனக ஆரம்பித்துவிடும். புது லித்தியத்தின் விலையை போனில் காட்டினேன். அம்மா போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனாள். ஆகவே பழசு.

கடைக்காரரிடம் இரண்டு வகை இருந்தது. ஒன்று கோயமுத்தூர்ப் பக்கம் ஓடிய எலக்ட்ரிக் ஆட்டோவிலிருந்து எடுத்தது. பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். இன்னொன்று மலை மேல் ஏதோ ஒரு செல்போன் டவருக்கு அடியில் கிடந்தது. தூசு படிந்த இரும்புப் பெட்டி. அதன் மேல் சாக்கைப் போட்டு அவரே உட்கார்ந்திருந்தார்.

"அம்மிணி, நான் சொல்றதக் கேளுங்க. இதை எடுத்துட்டுப் போயிருங்க" என்று தான் உட்கார்ந்திருந்ததைத் தட்டினார்.

"ஏனுங்கண்ணா இது?" என்றேன்.

"எடத்த அடைச்சுட்டுக் கெடக்குதுங்க. ஆட்டோ செட்டு எப்படியும் வித்துரும். இதை எவனும் கேக்கறதில்ல."

மாமா என் முழங்கையைக் கிள்ளினார். வெளியே புளியமரத்தடிக்குப் போனதும் குரலைத் தாழ்த்தி, "பாத்தியா? போகாத சரக்கை நம்ம தலையில கட்டப் பாக்கறான். மலையில ஓடுனது கண்ணு அது. மலையில ஓடுனதை ஆராவது வாங்குவாங்களா?" என்றார்.

நீலகிரியில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் பழைய வண்டி வாங்குவதென்றால் கீழே இறங்கிப் போய்ச் சமவெளியில் ஓடிய வண்டியைத்தான் வாங்குவோம். மேலே ஓடியது என்றால் க்ளட்ச் தேய்ந்திருக்கும், பிரேக் எரிந்திருக்கும், கியர்பாக்ஸ் கெஞ்சிக்கொண்டிருக்கும். ஊட்டிக்காரர் ஊட்டிக்காரரிடம் வண்டி வாங்க மாட்டார். இது எங்களுக்கு ஞானம்கூட இல்லை, அனிச்சை. பால் பொங்கினால் கை அடுப்புக்குப் போவதைப் போல.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதற்கு மேல் எனக்கே ஒரு சந்தேகமும் இருந்தது: விற்கிறவன் ஏன் விலை போகிற பொருளைவிட்டு விலை போகாததைச் சிபாரிசு செய்கிறான்? என் மீட்டரை எடுத்து இரண்டிலும் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் காட்டின. லித்தியத்தின் வோல்டேஜை நம்பக்கூடாது. முக்கால்வாசி காலியான பிறகும் வயிறு நிறைந்த முகத்தோடு நிற்கும். அதனால் பல்புகளை மாட்டிக் கொஞ்ச நேரம் எரிய வைத்தேன். நன்றாகவே எரிந்தன. கொஞ்ச நேரத்துக்கு யார்தான் நல்லவராக இருக்க மாட்டார்கள்?

"திருகாணி ஒண்ணுல கூடக் கீறல் இல்ல. கை படாத சரக்கு" என்று ஆட்டோ செட்டுக்கு மாமா தீர்ப்புச் சொன்னார். வாங்கிக்கொண்டு மலையேறினோம்.

வீட்டு வாசலில் அம்மா விளக்குமாற்றோடு நின்றாள். அது பெருக்குவதற்கா, எங்களை மறிப்பதற்கா என்று சொல்ல முடியவில்லை. அவளுடைய போனுக்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் புகைந்து வெடிப்பது.

"அது ஊட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போயிருவேன்."

"அம்மா, அது வேற கெமிஸ்ட்ரி. இது வேற."

"கெமிஸ்ட்ரி எல்லாம் எனக்குத் தெரியாது. நெருப்பு எல்லாம் ஒரே நெருப்புதான்."

உள்ளிருந்து அப்பா, "மகள், அதை விறகுக் கொட்டகையில வை. உங்கம்மா வெளியே போனா சோத்துக்கு யாரு?" என்றார். அப்பா சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். இன்றைக்கும் என்னைப் பெயர் சொல்லாமல் 'மகள்' என்றுதான் கூப்பிடுவார். ஒரு வாக்கியம் முடிந்ததும் கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொள்வார். அந்த இடைவெளியில் நாங்கள் யாரும் பேசுவதில்லை.

விறகை அப்புறப்படுத்தி, சிமெண்ட் மேடை மேல் பெட்டியை வைத்தேன். சுற்றிலும் தகரம் அடித்தேன். நேராக அப்பாவின் மெஷினை மாட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. மெஷின் எவ்வளவு இழுக்குமோ கிட்டத்தட்ட அவ்வளவு இழுக்கும்படி பழைய குண்டு பல்புகளை வரிசையாகக் கட்டி, முழுக்க சார்ஜ் ஏற்றி, ஒரு காலையில் எரிய விட்டேன். கணக்குப்படி இருட்டும்வரை எரிய வேண்டும்.

ஃபேக்டரியில் மத்தியானச் சங்கு ஊதுவதற்கு முன்பே பல்புகள் அணைந்துவிட்டன.

முதலில் என் வயரைச் சந்தேகப்பட்டேன். அடுத்து இன்வெர்ட்டரை. அதற்கடுத்து, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, கொட்டகைப் பக்கம் விறகெடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்காவை. எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று ஆன பிறகு மூடியைக் கழற்றினேன். கழற்றும்போதுதான் உறைத்தது: ஊரெல்லாம் ஓடித் தேய்ந்த பெட்டிக்குத் திருகாணி மட்டும் எப்படிப் புதிதாக இருக்கும்? கை படாத சரக்கு இல்லை. கைபட்டு, துடைத்து, புதுத் திருகாணி போட்டு மூடிய சரக்கு.

உள்ளே புத்தகங்களைப் போல செல்கள் நெருக்கமாக நின்றன. ஒவ்வொன்றாக மீட்டரை வைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றின் வோல்டேஜ் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் கீழே விழுந்து கிடந்தது. அதன் பக்கவாட்டில் ஸ்கேலை வைத்தால், ஸ்கேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. நேராக இருக்க வேண்டிய சுவர் உப்பியிருந்தது. பெட்டியைக் காவல் காக்கும் சர்க்யூட் போர்டு அந்த ஒரு செல்லுக்காகத்தான் மொத்தத்தையும் அணைத்திருந்தது. அணைத்ததே நல்லது. எல்லா வயரையும் பிடுங்கி, பெட்டியைக் கொட்டகையிலிருந்தும் வெளியே இழுத்து, திறந்த வெளியில் வைத்தேன். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். ஆட்டோவில் இருந்த பேட்டரி தினமும் முழுக்க வடிந்து முழுக்க நிரம்பியது, அதுவும் சித்திரை வெயிலில் கொதிக்கும் தார் ரோட்டுக்கு ஒரு சாண் உயரத்தில். லித்தியத்தைக் கிழவனாக்குவது வெக்கையும் ஓட்டமும்தான். டவரின் அடியில் இருந்தது குளிரில் சும்மா நின்றுகொண்டிருந்தது. கரண்ட் போனால்தான் அதற்கு வேலை. மலையில் ஓடினால் க்ளட்ச் தேயும் என்பது சரி. பேட்டரிக்கு க்ளட்ச் கிடையாது. அது மலையில் ஓடவும் இல்லை.

மாமாவிடம் சொன்னேன். ஜீப்பின் பானட்டைத் துணியால் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அவன் நெசத்தத்தான் சொன்னானா?"

"அவருக்கும் தெரிஞ்சிருக்காது மாமா. அவருக்கு எடம் வேணும், அவ்வளவுதான்."

"அதான பாத்தேன். ஏவாரி நெசம் பேசுனா அப்பறம் நாம எங்க போறது" என்று நிம்மதியானார்.

பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் கீழே இறங்கினோம். கடைக்காரர் அதே பெட்டியின் மேல் உட்கார்ந்து தக்காளிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். உப்பிய செல்லின் போட்டோவைக் காட்டினேன்.

"அட, ஆமாங்க" என்றார். "மாத்திக்கங்க அம்மிணி. மொதல்லயே சொன்னேன்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. "இதுலயும் ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"சந்தேகமா இருந்தா வெச்சுட்டுப் போங்க. எனக்கு உக்கார ஒண்ணு வேணும்."

இந்த முறை அங்கேயே மூடியைத் திறக்கச் சொன்னேன். திருகாணிகள் துருப்பிடித்து வரமாட்டேன் என்றன. அந்தத் துருவைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை மாமாவால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. ஒவ்வொரு செல்லையும் அளந்தேன், ஸ்கேல் வைத்தேன். ஸ்கேல் ஆடவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடியும் அதே பல்புகள். காலையில் போட்டது பகல் முழுக்க எரிந்தது.

"பட்டப்பகல்ல என்னாத்துக்கு மகள் திருவிழா லைட்டு?" என்றார் அப்பா.

"உங்களுக்குத்தான்ப்பா."

"எனக்கு லைட்டு வேணாம். காத்து வந்தாப் போதும்."

பொழுது சாய்ந்த பிறகும் பல்புகள் எரிந்தன. ஒரு தரம் எரிந்ததை நான் நம்பவில்லை. மறுபடி சார்ஜ் ஏற்றி மறுபடி எரித்தேன். மூன்றாவது முறை எரித்தபோது, "அது செத்தாத்தான் உனக்கு மனசு ஆறுமா?" என்று அம்மா கேட்டாள். அன்றைக்குத்தான் அப்பாவின் அறைக்கு வயர் இழுத்தேன். வீட்டு இன்வெர்ட்டரையும் அதற்கே கொடுத்து, அந்த ஒரு பிளக்குக்கு மட்டும். கரண்ட் போனால் அதுவாக பேட்டரிக்கு மாறிக்கொள்ளும்படி. ஆனாலும் அம்மா சிலிண்டரைக் கட்டில் பக்கத்திலிருந்து நகர்த்த விடவில்லை. அதைத் திறக்கும் சாவியைத் தாலிக்கொடியில் கோக்காத குறைதான்; முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, முற்பகலில், சட்னிக்குத் தேங்காய் போட்டு அம்மா மிக்ஸியைத் திருகினாள். ஓடவில்லை. சுவிட்சைத் தட்டினாள். லைட்டைப் போட்டாள். எரியவில்லை. எப்போது போனது என்று எங்களுக்குத் தெரியாது. மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். அறை வாசலில் சட்டென்று நின்றாள். முந்தானை முடிச்சை ஒரு கையால் அவிழ்த்துக்கொண்டே காதைச் சாய்த்தாள். மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"இது ஓடுதா, இல்ல எனக்குத்தான் காது இரையுதா?"

"ஓடுதும்மா."

அவள் என்னை நம்பவில்லை. குனிந்து, மெஷினின் தண்ணீர் பாட்டிலில் குமிழி வருகிறதா என்று பார்த்தாள். வந்துகொண்டிருந்தது. அதுவும் போதவில்லை. அப்பாவின் மூக்கடியில் விரலை வைத்தாள். அப்பா கண்ணைத் திறந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் செத்த வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

"ஏனுங்க, கரண்டு போயிருச்சுங்க" என்றாள் அம்மா.

"போனாப் போகுது. எனக்கு வருதே" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நான் குடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். புறங்கையைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. மோந்தும் பார்த்தேன். ஈர விறகு வாடை தவிர ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் போய்ப் பார்த்தேன். அடுத்த தரம் நான் போவதற்குள் அம்மாவே குடையோடு அங்கே நின்றிருந்தாள். ஒரு கை பெட்டியின் மேல், மறு கையில் சிலிண்டர் சாவி. மெஷின் ஒரு தரமும் நிற்கவில்லை. கரண்ட் மறுநாள்தான் வந்தது. அதுவரை அந்தச் சாவியை அவள் கீழே வைக்கவில்லை.