காதரின் வலப்பக்கம்

சைகோனில் மூன்று வருடம் லாரி ஓட்டிய என் சிநேகிதன் காதர் ராயபுரம் வந்திருக்கிறான். இருவரும் ஒரே லாரியில் ஓட்டப் பழகியவர்கள். முதலாளி சைகோனுக்கு அனுப்பியது அவனை.

இன்று எண்ணூருக்குச் சரக்கோடு போனேன். கூட வந்த காதர், "கொஞ்சம் குடு மாமு, கை அரிக்குது" என்று ஸ்டியரிங்கை வாங்கினான். இடப்பக்கம் போகவேண்டியவன் நேராக வலப்பக்கம் போய்விட்டான்.

எதிரே மாட்டுவண்டி! நான் கத்தியதும் பிரேக் போட்டான். மாட்டுக்கும் லாரிக்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

"கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று வண்டிக்காரர் சாட்டையோடு இறங்கினார்.

"கோச்சுக்காத நைனா. சைகோன்ல இந்தப் பக்கந்தான் ஓட்டணும். பழக்கம் வுடல" என்றான் காதர்.

"சைகோனா? கப்பல்லயா போன? அங்க மாடுகூட இந்தப் பக்கந்தான் போவுமா?"

பத்து நிமிடம் இருவரும் சிரித்துப் பேசினார்கள். பத்து வருடமாக ஒரு கோழியைக்கூட இடிக்காத என்னிடம் யாரும் இப்படி நின்று பேசியதில்லை.

காதர் எண்ணூரில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டான். தனியாகத் திரும்பினேன். காத்திவாக்கம் அருகே சாலை காலியாக இருந்தது. ஒரு பர்லாங் தூரம் வலப்பக்கமாக ஓட்டிப் பார்த்தேன். பயமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

எதிரே வண்டி வந்தால் சைகோனில் எப்படி ஒதுங்குவார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காதரிடம் மட்டும் கேட்க மாட்டேன்.