அமாவாசைக்கு அமாவாசை கமா பாடம்

இதை எழுதலாமா என்று வருஷக்கணக்காகத் தயங்கினேன். பத்தாவதோடு நின்றவன், நெசவுக்காரன். வீட்டு விஷயம் ஊருக்கு எதற்கு என்று விட்டுவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் நின்றபோது, எழுது என்று மனசு சொல்லிவிட்டது.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகிக் கனடா போனாள். நெய்த பட்டுப்புடவைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் காட்ட நான் இங்கிலீஷில் நாலு வரி எழுதுவேன். கமா கண்ட இடத்தில் விழும். அவள்தான் போனில் சொல்லிக்கொடுத்தாள். அமாவாசையன்று எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டோம். வீடு அமைதியாக இருக்கும், பேச்சு தெளிவாகக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் பாடம்.

ஹூ, விச் வரும் வாக்கியம்தான் எனக்குத் தகராறு.

"பல புடவையில எதுன்னு காட்டத்தான் மயில் போட்டதுன்னு சொல்றீங்கன்னா கமா வேணாம்பா. கீறதே ஒரு புடவை, மயிலு கூடுதல் சேதின்னா, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் போடுங்க" என்பாள்.

எப்படியோ பிடிபட்டது. பிழையில்லாமல் எழுதி அனுப்பினேன். பாஸாகிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த அமாவாசைக்குப் போன் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. விளக்கேற்றிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே கமாவை மாற்றிப் போட்டு ஒரு வரி அனுப்பினேன். திருத்திய வரி திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

என் மனைவி பார்த்துவிட்டாள். "கமாவுக்கா இப்படி ஏங்கிகினு கீறீங்க? புள்ளகிட்ட பேசணும்னு தமிழ்ல எழுதுங்க."

எழுதினேன். மறுநாள் காலை தறியில் இருக்கும்போதே போன் அடித்தது. அவசரமாகப் போனை எடுத்துக் காதில் வைத்தபடி, தறியை நிறுத்த மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தேன்.

"நிறுத்தாதீங்கப்பா. ஓட்டிகினே பேசுங்க" என்றாள். "அமாவாசைல பேசினா நம்ம வீடு மாதிரியே இல்ல. போனை வச்சிட்டு அழுவேன். அதான், பாடம் முடிஞ்சதும் கூப்பிடல."

அவளுக்காக என்று நாங்கள் ஒதுக்கிவைத்த தறிச் சத்தத்தைத்தான் அவள் தேடியிருக்கிறாள். போனைத் தறி மரத்தில் சாய்த்து வைத்தேன். ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா குறுக்கே ஓடியது. கண்ணீர் மறைத்து ஊடையில் ஒரு இழை தப்பியது.

அவள் இன்னும் ஊருக்கு வந்தபாடில்லை. தறி நேரம் பார்த்துக் கூப்பிடுகிறாள். தாயே, ஒருமுறை அவளை வாசலில் கொண்டுவந்து நிறுத்து என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகள் தூரத்தில் இருக்கும் வீடுகளுக்கு இதை அனுப்புங்கள். திருத்தாமல், அழகுபடுத்தாமல், நான் சொன்னபடியே போய்ச் சேரட்டும்.