மில்லிக்கனிலிருந்து ரெக்ஸ்டேலுக்கு ஒரு லினக்ஸ் தட்டோடு

தொண்ணூற்றெட்டு மாசியில், ஒரு வியாழக்கிழமை நான் போனது. நகரின் மற்றக் கோடியில், ரெக்ஸ்டேலில், தவராசாவின் பலசரக்குக் கடையின் பின்னறையில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. ஊரில் சண்டையால் இடம்பெயர்ந்த சனத்தில் ஆர் ஆர் எந்த முகாமில் என்ற பெயர்ப் பட்டியல் அதில்தான். கரண்ட் போய் வந்ததோடு அது ஒழுங்காய் எழும்பவில்லை. மகள் வதனி, அந்தக் கொம்பியூட்டரை ஓட்டுகிற லினக்ஸைப் புதிதாய்ப் போட, சீடித் தட்டொன்று எழுதித் தந்தாள். ஆரும் பிரதி எடுத்து ஆருக்கும் கொடுக்கலாமாம். அவளுக்கு வேலை, நான் வெளிக்கிட்டேன்.

காலை 9.10க்கு எங்கள் மில்லிக்கன் வீட்டுக்குக் கிட்ட ஸ்டீல்ஸ் தெருவில் பஸ். முதியோருக்கு ஒரு டொலர் முப்பத்தைந்து சதம். மாறுசீட்டை மறக்காமல் வாங்குங்கோ, அதே காசில் கடைசிவரை போகலாம். ஃபிஞ்ச் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே போற பஸ். சாரதியிடம் கடையிருக்கும் சந்தியைச் சொல்லிவைத்தேன், நித்திரையானாலும் எழுப்புவேன் என்றார். நித்திரை கொள்ளவில்லை. முப்பது கிலோமீற்றர் வரும், போய்ச்சேர 11.05.

கடையில் ஒரு பெண் அரிசிப் பையோடு நின்றா. தம்பியின் பெயரைத் தேட மூன்று நாளாய் வாறாவாம். தவராசா தட்டை வாங்கி, வேண்டியதெல்லாம் வேறு மெசினுக்கு எடுத்தாச்சு, இனிப் பழையதை அழிக்கப்போறன் என்றார்.

"பட்டியலும் எடுத்தனீரோ?"

"வார் எண்ட இடத்தில உள்ளதெல்லாம் எடுத்தனான், அன்ரி."

வதனி சொல்லியிருக்கிறாள்: எந்த நாட்டு லினக்ஸைத் திறந்தாலும் ஒரே ஒழுங்கு. மாறிக்கொண்டிருக்கிறது வார் என்ற அறையில், புரோகிராம்கள் யு-எஸ்-ஆர் என்ற அறையில். புதிதாய்ப் போட்டால் புரோகிராம் இடம் துடைத்துப்போகும், அங்கே சொந்தச் சாமான் வைக்கக்கூடாது. ஆனால் அந்த மெசினை முதலில் எங்கள் பேஸ்மென்றில் வைத்துச் செய்தது வதனியின் மச்சான் இரத்தினம். அவள் சொல்லச் சொல்ல, எனக்கு வசதி இதுதான் என்று பட்டியலை யு-எஸ்-ஆருக்குள் வைத்தவன். தேத்தண்ணியோடு பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "உது உங்களுக்கு விளங்காது" என்றும் சொன்னவன். அண்டைக்கு அவன் போட்டிருந்தது பச்சைச் சுவெற்றர்.

"யு-எஸ்-ஆருக்குள்ள பாரும்."

தவராசா சிரித்தார். "அதுக்குள்ள ஆர் அன்ரி வைப்பினம்?"

"இரத்தினம் வைப்பான்."

பார்த்தார். சிரிப்பு நின்றது. எழும்பித் தன் கதிரையை எனக்குத் தந்துவிட்டு, நின்றபடியே பட்டியலைப் பிரதி எடுத்தார். பிறகுதான் அழித்தார். ஒன்றரைக்கு மெசின் எழும்பியது, பட்டியல் வாருக்குப் போனது. அரிசிப் பைக்காரியின் தம்பி அதில் இருந்தார். முகாமின் பெயரை அவ என் மாறுசீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனா. திரும்பிவர நான் புதுக் காசு கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு குறையுமில்லை.

போறவைக்கு: மாசியில் இரண்டு சோடி காலுறை போடுங்கோ, மூன்று மணிக்கு முன் திரும்புங்கோ, பிறகு ஃபிஞ்ச் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. மெசின் வைத்திருக்கிறவை எதையும் எல்லாரும் தேடுற இடத்தில் வையுங்கோ. எங்கே வைத்ததென்று நினைவில் வைத்துச் சொல்ல, எல்லா வீட்டிலும் என்னைப்போலக் கோபம் ஆறாத மனுசி இருக்கமாட்டா.