வலது கையால் ஊற்றிய கூழ்

"...இடது கையால ஊத்துனா நான் வாங்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேங்க!" என்றாள் என் மனைவி. ஆடி ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் காணையில், தெரு மாரியம்மன் கோயில் வாசலில் அண்டா நிறையக் கேப்பைக் கூழ். எதிரே சொம்போடு நீண்ட வரிசை, முதல் ஆளாக அவள்.

பக்கவாதம் வந்து என் வலது பக்கம் விழுந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நான் கிடந்தபோதே, அடுத்த ஆடிக்கு என் வலது கையாலேயே கூழ் ஊற்றுவதாக அம்மனிடம் வேண்டிக்கொண்டவள் அவள். எனக்கு நம்பிக்கை இல்லை. தெரு நாட்டாமையான என்னை ஊரில் "இடது கை நாட்டாமை" என்றே கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

தினமும் ஒரு படி மல்லாட்டையை என் முன் கொட்டி வலது கையால் உரிக்கச் சொல்வாள். ஒரு வேர்க்கடலை உடையக் கால் மணி நேரம் ஆகும். எரிச்சலில் அம்மனையே திட்டியிருக்கிறேன். "திட்டுங்க, ஆத்தா கேட்டுக்கினுதான் இருக்கா. திட்டிக்கினே உரிங்க" என்பாள்.

இப்போது அகப்பையை வலது கையில் பிடித்தேன். அண்டாவை விட்டு எழவே இல்லை. "மாமா, ஜல்தி! கூழு கெட்டிப்படுது" என்று வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல் சிரித்தது.

"ஆத்தா!" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுத் தூக்கினேன். அகப்பை எழுந்தது! பாதி அவள் காலில் கொட்டியது, மீதி சொம்பில் விழுந்தது. வரிசையே ஆரவாரம் செய்தது.

அவள் காலைக்கூடத் துடைக்கவில்லை. நின்ற இடத்திலேயே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காலிச் சொம்பை மறுபடியும் நீட்டினாள்.