ஆறுமுகத்தாய் விட்ட சூறை

நாற்பத்து மூன்றாம் வருசத்து ஆடித்தபசு. சங்கரன்கோவில் ரதவீதியில் கால் வைக்க இடமில்லை. கரிவலம்வந்தநல்லூர் வண்டிகள் ஒரு பக்கம், குருவிகுளத்து வண்டிகள் ஒரு பக்கம், புளியங்குடிக்காரர்கள் எலுமிச்சை மூடையோடு இன்னொரு பக்கம். இத்தனை நெரிசலுக்கும் நடுவில், தலையில் பருத்திப் பொதியைச் சுமந்துகொண்டு, நெஞ்சு படபடவென்று அடிக்க நின்றாள் ஆறுமுகத்தாய். பயத்தில் அடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். சந்தோசத்தில் அடித்தது. அந்தப் பொதிக்குள் ஐம்பது நோட்டீசு இருந்தது. கூட்டத்தில் ஆங்காங்கே நின்ற இன்னும் முப்பது பொம்பளைகளின் பொதியிலும் இருந்தது.

அவள் ஒன்றும் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. குருவிகுளத்துப் பக்கம் ஆடும் பருத்தியும் வைத்துப் பிழைத்த நல்லக்கண்ணுவின் மகள். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஆட்டுக்குப் பின்னால் விரட்டிவிட்டார்கள். பதினெட்டு வயதில் சங்கரன்கோவிலில் வாக்கப்பட்டாள். மாப்பிள்ளைக்குத் தாலுகா கச்சேரியில் சேவகன் வேலை. தாசில்தாருக்கு முன்னால் குறுக்குக் கச்சையும் பித்தளை வில்லையும் மாட்டிக்கொண்டு, 'விலகு, விலகு' என்று போகிற டவாலி. சர்க்கார் உத்தியோகம்! அந்தக் கச்சையைப் பார்த்துத்தான் நல்லக்கண்ணு பெண்ணையே கொடுத்தார்.

விதியைப் பாருங்கள், அந்தச் சர்க்கார் உத்தியோகம்தான் அவளைக் காங்கிரஸ்காரி ஆக்கியது. தாசில்தார் படித்துத் தூரப் போட்ட பேப்பரை எல்லாம் புருஷன் அடுப்புப் பற்றவைக்கக் கொண்டுவருவான். இவள் பற்றவைப்பதற்கு முன்னால் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். உப்பு, துணி, ஜெயில், தடியடி என்று வாசிக்க வாசிக்க, அடுப்பில் ஏறவேண்டிய தீ இவளுக்குள் ஏறிவிட்டது. நூல்கடை ஜெயசிங் அண்ணாச்சியிடம் போய், "நானும் வாரேன், என்ன வேலைன்னாலும் சொல்லுங்க" என்று நின்றாள். அவர்தான் ஊரில் காங்கிரசுக்கு எல்லாமே. முதலில் சிரித்தார். பிறகு நோட்டீசு கொண்டுபோகச் சொன்னார். இரண்டு வருசத்தில், 'அந்த வேலையா, ஆறுமுகத்தாய்கிட்ட விடுங்க' என்று சொல்லுகிற அளவுக்கு ஆகிவிட்டாள்.

புருஷனுக்குத் தெரியாமலா? தெரியும். ஒரு நாள் பானைக்குள் கை விட்டவனுக்கு அரிசிக்குப் பதில் கதர்க்கொடி வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஏட்டி, என் வேலை போயிரும்ட்டி. கச்சையைக் கழத்திட்டுப் போன்னு சொல்லிருவாக. எங்க அப்பன், பாட்டன் எல்லாம் மண்ணைக் கிண்டிச் செத்தவுக. இந்த ஒரு வேலைதான் எனக்கு."

"உங்க வேலைக்கு ஒண்ணும் வராது."

"நீ பிடிபட்டா?"

"பிடிபட்டா என்ன? உங்க பேரு என் வாயிலேருந்து வராது. என்னைக்கு வந்திருக்கு?"

அது வாஸ்தவம். கட்டின நாளிலிருந்து புருஷன் பேரை அவள் சொன்னதில்லை. அந்தப் பக்கத்துப் பொம்பளைகள் யாருமே சொல்லமாட்டார்கள். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையுமாம். ஆறுமுகத்தாய் எல்லாருக்கும் ஒரு படி மேலே. அவன் பேர் கருத்தப்பாண்டி. பேரில் 'கருத்த' வருகிறது பாருங்கள், அதனால் கருத்த ஆட்டைக்கூட அவள் 'வெள்ளையில்லாத ஆடு' என்பாள். தெருவே கேலி செய்யும். அவள் மாறமாட்டாள். அப்படிப்பட்டவள், காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அவன் தலையில் கை வைத்துச் சத்தியமும் பண்ணினாள். கருத்தப்பாண்டி அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கச்சையை மாட்டும்போது அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவான்.

சரி, தபசுக்கு வருவோம்.

ஆகஸ்ட்டுக் கலகம் நடந்து ஒரு வருசம் ஆகிறது, தபசுக் கூட்டத்தில் நோட்டீசு போடவேண்டும் என்று ஜெயசிங் அண்ணாச்சி ஏற்பாடு செய்தார். போலீசுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே அவரையும் கூட நின்ற ஆம்பளைகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கடையைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். நோட்டீசு மட்டும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? ஆயிரத்தைந்நூற்றுச் சொச்சமும் ஆறுமுகத்தாய் வீட்டில், டவாலியின் தலைமாட்டில் அல்லவா இருந்தது!

அவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஆம்பளை ஒருத்தனும் வெளியே இல்லை. பக்கத்து வீட்டு ஜுலைகா பீவியிடம் ஓடினாள். ஜுலைகா வளையல் விற்கிறவள். நாக்கு மிளகாய், மனசு வெல்லம்.

"அக்கா, மடியில கொண்டு போனாலும் தடவிப் பாக்கானாம். காகிதம்னா விடமாட்டானாம்."

ஜுலைகா யோசிக்கவே இல்லை. "ஏட்டி, தபசு அன்னைக்கு எல்லாரும் என்னத்தக் கொண்டு வருதாக?"

பருத்தி! ஆறுமுகத்தாய் துள்ளி எழுந்துவிட்டாள். தபசு மண்டபத்தில் அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கிற நேரத்தில், விவசாயிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, வத்தல், நெல் எல்லாவற்றையும் ஆகாசத்துக்கு வீசிச் சூறை விடுவார்கள். அந்த வெள்ளாமைப் பொதியை எந்தப் போலீசு பிரிக்கும்? பிரித்தால் சம்சாரிகள் சும்மா விடுவார்களா?

அந்த ஒரு வாரமும் இரண்டு பேரும் உட்கார்ந்து நோட்டீசை விரல் கனத்துக்குச் சுருட்டினார்கள், பருத்திச் சுளைக்குள் திணித்தார்கள். ஜுலைகா அதை வளையல் பெட்டியின் அடியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். பொம்பளைகள் கையை நீட்டி வளையல் போடுகிற இடத்தில் ஆம்பளைக்கு என்ன வேலை? கையில் வளையல் ஏறும்போதே காதில் சேதியும் ஏறியது. முப்பது பொம்பளைகள் சரி என்றார்கள்.

இதோ, சாயங்காலம். வெள்ளி ரிஷபத்தில் சாமி வந்துவிட்டது. தபசு நின்ற அம்மன் சாமியைப் பார்த்த அந்த நிமிசம், "கோமதித் தாயே!" என்று ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், உடம்பெல்லாம் புல்லரித்துப் போகும். வானம் மறைந்தது. பருத்தி, பருத்தி, எங்கே பார்த்தாலும் பருத்தி! பந்தோபஸ்துக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த இன்ஸ்பெக்டரின் தொப்பி மேலேயே ஒரு பொதி விழுந்து அவிழ்ந்தது. அவர் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆறுமுகத்தாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜெயிச்சாச்சு! இனி நைசாக நழுவி வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அப்போதுதான் பக்கத்தில் ஒரு பெரியவர், கீழே விழுந்த பருத்தியைப் பொறுக்கி, உள்ளே இருந்த காகிதத்தை எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த திருநீற்றை அதில் கொட்டி அழகாகப் பொட்டலம் மடித்தார். அடுத்தவரும் அதையே செய்தார். இன்னொருத்தி அந்தக் காகிதத்தாலேயே குழந்தைக்கு மூக்குத் துடைத்தாள்.

ஆறுமுகத்தாய்க்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அடக் கடவுளே, இவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட எழுத்து தெரியாதே! நோட்டீசை ஒளிப்பதற்கு அத்தனை புத்தியைச் செலவழித்தவர்கள், வாசிக்க ஆள் வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. ஜெயசிங் அண்ணாச்சியும் யோசிக்கவில்லை, ஜுலைகாவும் யோசிக்கவில்லை, இவளும் யோசிக்கவில்லை. ஒரு வார உழைப்பும் திருநீற்றுப் பொட்டலமாகப் போகிறதே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகையோடு கோபமும் வந்தது.

"ஆறுமுகம், வா போவோம்" என்று ஜுலைகா கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க போங்கக்கா."

சேலையை இழுத்துச் செருகினாள். அவிழ்த்துவிட்டிருந்த ஒரு மாட்டுவண்டியில் ஏறினாள். பெரியவர் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கித் திருநீற்றைத் தன் நெற்றியில் பூசிக்கொண்டு, காகிதத்தைப் பிரித்தாள்.

"சம்சாரிமாரே! தாய்மாரே! கேளுங்க! இது சாமி கொடுத்த காயிதம்னு மடிச்சு வைக்காதீக, நாம கொடுத்த காயிதம்! நம்ம பருத்தி கப்பல்ல போகுது, நம்ம பிள்ளைக பட்டாளத்துல சாகுது. வெள்ளைக்காரன் போற வரைக்கும் நாம அடங்க மாட்டோம்னு எழுதியிருக்கு! ஜெயில்ல கெடக்குற நம்ம ஆளுக சொல்லச் சொன்னது இது!"

ஆட்டை அழைத்துப் பழகின தொண்டை. நாலு வீதிக்கும் கேட்டது. முதலில் சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகு மடியைத் தடவிப் பார்த்து அவரவர் பொட்டலத்தை வெளியே எடுத்தார்கள். "எம்மா, என் காயிதத்திலயும் அதேதான் எழுதியிருக்கா?" என்று ஒருத்தர் கேட்க, "அதேதான் அண்ணாச்சி, வீட்டுக்குக் கொண்டு போயி வாசிக்கத் தெரிஞ்சவன்கிட்டக் கொடுங்க!" என்றாள். "வந்தே மாதரம்!" என்று எவனோ கத்தினான். அவ்வளவுதான், அந்த மூலை மொத்தமும் பற்றிக்கொண்டது. போலீசு அவளிடம் வந்து சேர்வதற்குள் இரண்டு தரம் முழுசாக வாசித்து முடித்துவிட்டாள்.

பந்தோபஸ்துக் கொட்டகைக்குக் கொண்டு போனார்கள். இன்ஸ்பெக்டர் தோளில் இன்னும் பருத்தி ஒட்டிக்கொண்டிருந்தது. விசாரணை ஆரம்பித்தது.

"பேரு?"

"ஆறுமுகத்தாய்."

"தகப்பன் பேரு?"

"நல்லக்கண்ணு."

"புருஷன் பேரு?"

வாய் பூட்டிக்கொண்டது. இன்ஸ்பெக்டரும் தமிழ்நாட்டு மனுசன்தானே, வழக்கம் தெரியாதா? "சரி, சொல்ல வேண்டாம். சாடை காட்டு. சாமி பேரா? ராசா பேரா?"

"நெனப்பு இல்லை எசமான்."

"புருஷன் பேரு நெனப்பு இல்லையா?"

"சொல்லிப் பழகினாத்தானே நெனப்பு இருக்கும்?"

எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் குபீரென்று சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வெளியே, "விலகு, விலகு!" என்று ஒரு குரல். ஆறுமுகத்தாய்க்கு உயிரே நின்றுவிட்டது. தினமும் வீட்டில் கேட்கிற குரல்.

தாசில்தார் உள்ளே வந்தார். அவருக்கு முன்னால் கச்சையும் வில்லையுமாகக் கருத்தப்பாண்டி. உள்ளே நின்றவளைப் பார்த்தான். அவள் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரோ ஒரு சேவகன், யாரோ ஒரு பொம்பளை. சத்தியம் சத்தியம்தான். அவன் வேலை தப்பவேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு அப்போது பிரார்த்தனை.

"என்ன, புருஷன் பேரைச் சொல்ல மாட்டேங்காளா?" என்றார் தாசில்தார்.

"மாட்டேங்கா சார். விட்டுத் தள்ளுங்க." இன்ஸ்பெக்டர் ரைட்டர் பக்கம் திரும்பினார். "எழுதுய்யா. புருஷன் இன்னாருன்னு இல்லாதவ. திருவிழாக் கூட்டத்துல திரியுறவ. நடத்தை சரியில்லை. எழுது."

ரைட்டர் பேனாவை மையில் தொட்டார். ஆறுமுகத்தாய்க்குக் கண்ணில் நீர் முட்டியது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். எழுதிக்கட்டும். பேரில்லாதவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஓரக்கண்ணால் அவனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாள்.

கருத்தப்பாண்டியின் கை கச்சைக்குப் போனது. கொக்கி சீக்கிரம் கழலவில்லை. கழற்றி, வில்லையோடு சேர்த்துச் சுருட்டி, தாசில்தாருக்கு முன்னால் மேசையில் வைத்தான்.

"எசமான், அப்படி எழுதாதீக. அவளுக்குப் புருஷன் இருக்கான். பேரு கருத்தப்பாண்டி. இம்புட்டு நேரமும் உங்க டவாலி."

தாசில்தார் மேசையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறுமுகத்தாய்க்கு வந்ததே ஆத்திரம்!

"ஏன் சொன்னீக? நான்தான் சத்தியம் பண்ணியிருக்கேன்லா!"

"சத்தியம் நீதானட்டி பண்ணுன. நானா பண்ணுனேன்?" என்றான் அவன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவளுக்கு ஆறு மாசம் வேலூர் ஜெயில். அவனுக்கு வேலை போனது போனதுதான். ஜுலைகா பீவி தன் வளையல் பெட்டிக்குப் பக்கத்திலேயே இடம் கொடுக்க, சீப்பும் கண்ணாடியும் சாந்துப்பொட்டும் வைத்துச் சந்தை சந்தையாக விற்றான். நாற்பத்தேழில் கொடியேற்றினபோது கத்தின கத்தலில் ஆறுமுகத்தாய்க்குத் தொண்டை கட்டிப் பத்து நாள் பேச்சே வரவில்லை. முதல் தேர்தலுக்கு ஜனங்கள் பேரை எழுதவந்த ஆபீசர் 'இன்னார் சம்சாரம்' என்று எழுதப் பார்க்க, தெருப் பொம்பளைகள் அத்தனை பேரையும் வாசலுக்கு இழுத்துவந்து அவரவர் பேரைச் சொல்லவைத்தது அவள்தான். தியாகி என்று யாராவது சொன்னால், "அது எங்க வீட்டுல வேற ஆளு" என்பாள்.

அது எல்லாம் பின்னால். அன்றைக்குச் சாயங்காலம் அவளைப் போலீசு வண்டியில் ஏற்றினார்கள். கொட்டகையைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியது. கையில் நோட்டீசுகளோடு நின்றவர்களே நூறு பேர் இருக்கும். "ஆறுமுகத்தாய்க்கு!" என்று ஜுலைகா பீவி அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "ஜே!" என்றது கூட்டம். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேடினாள். கூட்டத்துக்குப் பின்னால், கச்சை இல்லாத வெறுஞ்சட்டையோடு, யாரும் வழிவிடாமல், இடிபட்டுக்கொண்டு நின்றான் அவள் புருஷன். சுற்றி நின்ற யாருக்கும் அவனைத் தெரியவில்லை. விலகு என்று சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை.

வண்டி கிளம்பிவிட்டது. ஆயுசாவது ஒண்ணாவது! ஆறுமுகத்தாய் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, ஆறு வருசமாக வாயில் வராத பேரை, நாலு வீதிக்கும் கேட்கக் கத்தினாள்:

"கருத்தப்பாண்டிக்கு!"

யார் அந்தக் கருத்தப்பாண்டி என்று ஜுலைகாவைத் தவிர அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. பெரிய தலைவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, கூட்டம் மொத்தமும் கையை உயர்த்தி, "ஜே!" என்றது.