இசைத்தட்டைப் பிடித்த கை

இதை நம்புங்கள் என்று நான் யார் காலிலும் விழப் போவதில்லை. நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் இது நடந்தது. பார்த்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் தொழிலையே விட்டுவிட்டு இப்போது ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறார். இன்னொருத்தி என் தங்கை. அவள் இதைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். மிச்சம் இருப்பது நான். எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது என்று ஊருக்கே தெரியும்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டான்ஸ் கிளப். தரைக்குக் கீழே இருக்கிறது, ஜன்னலே கிடையாது. பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. அங்கே எந்த ராத்திரி எந்த டி.ஜே. பாட்டுப் போடுவார் என்று ஏற்பாடு செய்வது என் வேலை. லேசான வேலை இல்லை. ஒரு மகானுபாவர் தொண்டை கட்டிக்கொண்டது என்று வராமல் இருந்தார். அவர் என்ன பாடவா போகிறார்? பகல் நேரத்தில் அதே கட்டடத்தின் மேலே ஒரு சின்னக் கடையில் பழைய இசைத்தட்டுகளை வாங்கி விற்பேன். பேய், பிசாசு பயமெல்லாம் எனக்கு இருந்ததே இல்லை. கடைசி நேரத்தில் போன் பண்ணி "வர முடியல" என்று சொல்கிற டி.ஜே.தான் எனக்குத் தெரிந்த ஒரே பிசாசு.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அப்படி ஒரு போன் வந்தது. அன்று ராத்திரிக்கு வரவேண்டிய பெரிய ஆள் கழன்றுகொண்டார். நான் முதலாளியிடம் போய், என் தங்கையை அந்த இடத்தில் போடுகிறேன் என்றேன். இரண்டு வருஷமாக அவள் கூட்டம் வருவதற்கு முன்னால், காலி நாற்காலிகளுக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. முதலாளி கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்:

"சொதப்பினா அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் வேற இடம் பாத்துக்குங்க."

தங்கைக்கு ஒரே சிக்கல். அவள் இசைத்தட்டில் மட்டும்தான் போடுவாள். கம்ப்யூட்டரைத் தொடமாட்டாள், அவ்வளவு பிடிவாதம். ஒரு ராத்திரி முழுக்கப் போட அவளிடம் தட்டுகள் போதாது. என்ன செய்வது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் அந்த ஆள் கடைக்குள் வந்தான்.

நாற்பது வயது இருக்கும். சட்டை சுத்தமாக இருந்தது. இரண்டு கையிலும் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தான்.

"தம்பியோடது. வெளிநாடு போயிட்டான். வித்துடச் சொன்னான்."

திறந்தேன். பழைய ஹவுஸ், டிஸ்கோ நடனப் பாட்டுகள். ஒவ்வொன்றும் தேடினாலும் கிடைக்காதது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. விலை பேசுவான் என்று பார்த்தேன். பேசவில்லை. கொடுத்ததை எண்ணாமல் பையில் திணித்தான். அப்போது அவன் கை முட்டிகளைப் பார்த்தேன். தோல் உரிந்திருந்தது. புதுக் காயம்.

இன்னொன்றையும் பார்த்தேன். அதைத்தான் நான் இன்றுவரை மறக்க முடியாமல் தவிக்கிறேன். ஒரு டி.ஜே. வேலைக்குக் கிளம்பும் முன், அன்றைக்குப் போடப் போகும் தட்டுகளைப் பெட்டியில் குறுக்காகத் திருப்பி, விளிம்பு மேலே துருத்திக்கொண்டு தெரியும்படி வைப்பார். இருட்டில் தேடாமல் எடுக்கலாம். வேலை முடிந்ததும் நேராக்கிவிடுவார். இந்தப் பெட்டியில் பதினைந்து இருபது தட்டுகள் குறுக்கே நின்றன.

வெளிநாடு போனவன், இன்று ராத்திரி பாட்டுப் போடுவதற்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறான்.

அவன் சொன்னது பொய் என்று எனக்குப் புரிந்தது. என் தொழிலில் இருக்கிற யாருக்கும் புரியும். ஆனால் எனக்குத் தட்டுகள் வேண்டும். என் தங்கைக்கு இந்த ஒரு ராத்திரி வேண்டும். "சரி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்குக் கீழே இறங்கினோம். நான், தங்கை, சவுண்டு பார்க்கிற வயர் அண்ணன். எப்போதும் கழுத்தில் வயரைச் சுற்றிக்கொண்டு திரிவதால் அவருக்கு அந்தப் பெயர். மேடையில் இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் இரண்டு. அண்ணனுடைய மேஜையில் சிவப்பு எழுத்தில் ஒரு கடிகாரம். வேறு வெளிச்சம் அதிகம் இல்லை.

தங்கை குறுக்கே நின்ற தட்டுகளில் முதலாவதை எடுத்துப் போட்டாள். அதோடு சேர்க்க, அடுத்த டர்ன்டேபிளில் தன் தட்டு ஒன்றை ஓடவிட்டாள். அருமையான பாட்டு. அண்ணன் தலையை ஆட்டினார். நான் பெட்டியைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டேன்.

5:21. பெட்டித் தட்டின் பாட்டு மட்டும் நின்றது.

"ஊசி மாட்டிக்கிச்சா?" என்றேன்.

"இல்லக்கா... இங்க வந்து பாரு."

டர்ன்டேபிளில் அடியில் ஓர் உலோகத் தட்டு சுழலும். அதன்மேல் ஒரு மெல்லிய துணி. துணியின்மேல் இசைத்தட்டு. டி.ஜே. விரலை வைத்து இசைத்தட்டைப் பிடித்தால் பாட்டு நிற்கும், ஆனால் அடியில் உலோகம் சுழன்றுகொண்டே இருக்கும். விட்டால் மறுபடி ஓடும். இப்போது அப்படித்தான் இருந்தது. அடியில் உலோகம் சுழல்கிறது. மேலே இசைத்தட்டு அசையாமல் நிற்கிறது.

யாரும் பிடிக்கவில்லை.

"துணி வழுக்குது. வேற துணி போடு" என்றார் வயர் அண்ணன், தூரத்திலிருந்தே.

அவர் சொல்லி முடிக்கும்முன் இசைத்தட்டு தானாக ஓடியது. அடுத்த டர்ன்டேபிளில் ஓடிய பாட்டின் தாளத்தோடு, ஒரு நூல் பிசகாமல் சேர்ந்தது. தங்கை என்னைப் பார்த்தாள். அவளுக்கே அவ்வளவு சுத்தமாக வராது.

5:30. அடுத்த டர்ன்டேபிளின் பாட்டு முடிந்திருந்தது. பெட்டித் தட்டு மறுபடி நின்றது. இந்த முறை தங்கை தன் வலது கையை இசைத்தட்டின்மேல் வைத்தாள்.

"அக்கா... சூடா இருக்கு."

"மின்சாரம் லீக் ஆகுதா பாருங்கண்ணே" என்று கத்தினேன்.

"இல்லக்கா. கை மாதிரி இருக்கு. யாரோட கையோ."

பாட்டு ஓடவில்லை. ஆனால் ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வந்தது.

டம்...

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

டம்... டம்...

பத்து வருஷமாகத் தாளத்தில் வாழ்கிறவள் நான். தாளம் சீராக வரும். இது சீராக வரவில்லை. யாரோ நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி போடுகிற மாதிரி வந்தது. அடி விழுகிற சத்தம் எனக்குத் தெரியும். அது அடிதான்.

அடுத்த "டம்" வந்தபோது தங்கையின் தலை படாரென்று இடப்பக்கம் திரும்பியது.

உதடு கிழிந்தது. ரத்தம் இசைத்தட்டின்மேல் தெறித்தது.

அவள் பக்கத்தில் யாரும் இல்லை.

"கைய எடுடி! கைய எடு!"

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். இசைத்தட்டோடு ஒட்டி வைத்த மாதிரி இருந்தது. அவள் கையின் அடியில், தட்டுக்கும் கைக்கும் நடுவே, ஏதோ துடித்தது. நாடி.

டம்... அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினாள். வலது கை மட்டும் மேலேயே இருந்தது.

டம்... முழங்கால் தரையில் மோதியது.

வயர் அண்ணன் எல்லா ஒலியையும் இறக்கினார். சத்தம் குறையவில்லை. வயரைப் பிடுங்கினார். குறையவில்லை. ஓடிப்போய் மெயினையே அணைத்தார்.

விளக்கு போனது. டர்ன்டேபிள் நிற்கவில்லை. வெளியே போகும் வழிக்கு மேலே பேட்டரியில் எரியும் பச்சை விளக்கு மட்டும். அந்தப் பச்சையில் என் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். பாதி முகம் ரத்தம்.

இப்போது பாட்டும் கேட்டது. இசைத்தட்டு அசையவே இல்லை. ஆனால் பாட்டு ஓடியது. அடியும் விழுந்தது. இரண்டும் சேர்ந்து.

டக்.

இது சின்னச் சத்தம். அவளுடைய சுண்டுவிரல் பின்பக்கமாக மடங்கி நின்றது.

டக்.

பக்கத்து விரல்.

அவள் கத்தவில்லை. வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. என்னைப் பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று. வலி தாங்காமல் ஆட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் அவள் கழுத்தில் பள்ளம் விழுந்தது.

ஒவ்வொன்றாக... கட்டைவிரல் தடம்... பிறகு மற்ற விரல்களின் தடம். கண்ணெதிரே தோல் உள்ளே போனது. அழுத்துகிற கை இல்லை. பள்ளம் மட்டும்.

முகம் கறுத்தது.

கண் மேலே செருகியது.

மேடை ஓரத்தில் தீயணைக்கும் சிலிண்டர் இருந்தது. தூக்கினேன். அவள் இடது கையால் என் மார்பில் குத்தினாள். தள்ளினாள். நகத்தால் என் கையைக் கீறினாள். அவளா கீறினாள், வேறு யாராவதா? யோசிக்க நேரம் இல்லை.

ஓங்கி அடித்தேன்.

ஊசி உடைந்தது.

மறுபடி.

இசைத்தட்டு உடைந்தது.

பாட்டு நின்றது. அடி நின்றது. எல்லாம்.

தங்கை சரிந்து விழுந்தாள். மூச்சு வந்தது. வயர் அண்ணன் மெயினைப் போட்டார். சிவப்பு எழுத்துக் கடிகாரம் மறுபடி எரிந்தபோது நேரத்தை அழித்துவிட்டுப் பூஜ்யத்தில் மின்னியது. நான் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். போனில் மணி 5:48.

அன்று ராத்திரி கிளப் திறக்கவில்லை. முதலாளி என்ன சொன்னார் என்பதெல்லாம் வேண்டாம். என் தங்கை உயிரோடு இருந்தாள். எனக்கு அது போதும். ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விரல் இரண்டுக்கும் கட்டு. கழுத்தில் நீல நிறத்தில் தடம். "மாடிப்படியில விழுந்துட்டா" என்றேன். டாக்டர் நம்பவில்லை. தங்கை என் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பயத்தில் அப்படி இருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கே ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர். சத்தமே போடாமல் பேசினார். கடைக்குப் பெட்டி கொண்டுவந்தவனைப் பிடித்துவிட்டதாகச் சொன்னார். வீடு யாருக்கு என்று அவனுக்கும் தம்பிக்கும் சண்டை. தம்பி ஒரு டி.ஜே. சனிக்கிழமை காலையிலிருந்து இவன் தம்பியை அந்தக் காலி வீட்டிலேயே கட்டிப்போட்டு வைத்திருந்திருக்கிறான். தம்பி வெளிநாடு போய்விட்டான் என்று காட்ட, அவனுடைய சாமான்களை நாலு இடத்தில் விற்றிருக்கிறான். எங்கள் கடைதான் கடைசி. விற்றுவிட்டு மறுபடி அந்த வீட்டுக்குத்தான் போயிருக்கிறான்.

"அப்ப... நான் பெட்டி வாங்கும்போது அவர் சாகலையா?"

"இல்லம்மா. உயிரோடதான் இருந்தார்."

அந்த இரண்டு நாளும் செத்தவன் ஒருவன் வந்தான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு சந்தேகம், அதுக்குத்தான் வந்தேன். பாட்டுச் சத்தம் தாங்கலன்னு பக்கத்து வீட்டுக்காரங்க எங்களுக்குப் போன் பண்ணாங்க. அதனாலதான் போனோம். கதவைத் தட்டும்போது எனக்கே கேட்டுது. டான்ஸ் பாட்டு, சுவரே அதிருது. கதவை உடைச்சிட்டிருக்கும்போது டக்குன்னு நின்னுடுச்சு. 5:47. உள்ள போனா உடம்பு சூடா இருக்கு, மூச்சு இல்ல. ஒரு நிமிஷம் முந்தியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

"சரிங்க..."

"அந்த வீட்டுல ஒரு ரேடியோகூட இல்லம்மா. கரண்டே இல்ல. அந்தாளு உங்ககிட்ட பாட்டுப் பெட்டி ஏதாவது வாங்கிட்டுப் போனானா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் தங்கையின் விரல் கட்டைப் பார்த்தார். பிறகு கழுத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் எழுந்து போய்விட்டார்.

கதவு சாத்திக்கொண்டது. தங்கை சுவர்ப்பக்கம் திரும்பியபடியே இரண்டு நாளில் முதல் தடவையாகப் பேசினாள். தொண்டை கட்டி, காற்று மாதிரி வந்தது குரல்.

"அவர் என்னைப் பிடிச்சு வைக்கலக்கா. நான்தான் அவரைப் பிடிச்சிட்டிருந்தேன்."

நான் கட்டிலருகே குனிந்தேன்.

"பாதி அடியை நான் வாங்கிக்கிட்டேன். அவரால தாங்க முடிஞ்சுது. கதவைத் தட்டுறாங்க... எனக்குக் கேட்டுது. அவருக்கும் கேட்டுது. அவர் அழுதார்க்கா."

"நீ செத்திருப்படி..."

"ஒரு நிமிஷம்" என்றாள். "ஒரே ஒரு நிமிஷம் நீ சும்மா இருந்திருக்கலாம்."